தோலும் சோறும் பாலாறும்

காட்பாடி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி வேலூருக்குப் பஸ் ஏறினால், சற்று நேரத்தில் ஒரு நீண்ட பாலம் வருகிறது. பாலத்தின் மேல் பஸ் ஏறியதும், என் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த சிறுவன் தன் பாட்டனாரின் கையைப் பிடித்து இழுத்தான்.

"பாலம் வந்துடுச்சு தாத்தா. ஆறு எங்கே?"

"கீழே பாரு. அதாண்டா ஆறு."

சிறுவன் எட்டிப் பார்த்தான். கீழே மணல், மணலுக்கு நடுவே சீமைக் கருவேல முள். நடக்கிறவர்கள் தேய்த்த ஒற்றையடிப் பாதை ஒன்றும் தெரிந்தது. அவன் திரும்பிப் பாட்டனாரின் முகத்தைப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டது.

அந்தச் சிறுவனின் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை போனேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கமும் சுற்றினேன். உலகத்தின் கால்களுக்கெல்லாம் செருப்பும் பூட்ஸும் தைத்துக் கொடுக்கிற சீமை இது. பிரியாணிக்குப் பேர்போன சீமையும் இதுதான். பாலாறு என்ற ஒரு நதியை மண்ணுக்குள் தேடுகிற சீமையும் இதுவேதான்.

மணலுக்குள் ஓடிய நதி

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் நடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே புல்லூரில் நம் நாட்டுக்குள் நுழைகிறது. பிறகு 222 கிலோமீட்டர் ஓடி, வயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. மூன்று ராஜ்யங்களுக்குப் பொதுவான நதி என்பதால் தாவாவும் பழையதே. 1892-ஆம் வருஷத்திலேயே சென்னை ராஜதானிக்கும் மைசூருக்கும் இதன் பொருட்டு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது.

இந்த நதி பெரும்பாலும் மணலுக்கு அடியிலேயே ஓடிய நதி. மேலே பார்த்தால் வெண்மணல். கையால் தோண்டினால் தெளிந்த ஊற்று. அந்த ஊற்று நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு போனார்கள். ஊற்றுக்கால் என்று அதற்குப் பெயர். கோடையிலும் கரையோரத்துத் தென்னந்தோப்புகள் பச்சையாக நின்றதன் ரகசியம் அதுதான்.

மணல் என்பது வெறும் மண் அல்ல. அது ஒரு நீர்த் தொட்டி. அந்தத் தொட்டியை லாரி லாரியாக அள்ளிக் கொண்டுபோய் நகரங்களில் மாடி வீடு கட்டிவிட்டோம். தொட்டி போனபின் தண்ணீர் எங்கே தங்கும்?

வேலூரில் இந்த ஆற்றங்கரையில் ஒரு தீவின் ராஜா உறங்குகிறார். கண்டி ராஜ்யத்தின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்தான் அவர். 1815-இல் பிரிட்டிஷார் அவரைப் பிடித்தார்கள். மறு வருஷம் கப்பலேற்றிக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள். தென்னையும் அருவியும் நெல்வயலுமாக இருந்த மலைநாட்டை விட்டு வந்தவர், இந்த வறண்ட சீமையிலேயே 1832-இல் கண்மூடினார். அவர் சமாதி இருக்கும் இடத்தில் 1990-இல் முத்து மண்டபம் கட்டினார்கள். அங்கே நின்று பார்த்தேன். அவர் காலத்தில் இந்தக் கரையில் நின்றால் ஊற்று நீராவது கண்ணில் பட்டிருக்கும்.

ஆவாரை பூத்திருந்த காலம்

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று நம் பெரியோர் சொல்வார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப் பூவோடும் நாம் செருகுகிற மஞ்சள் பூ அதுதான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மேட்டு நிலத்தில் தானாக முளைக்கிற செடி. அதன் பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் இந்தச் சீமையின் ஐசுவரியத்துக்கு வித்து.

ஆடு மாட்டின் தோல் நாலு நாளில் அழுகிவிடும். அதை அழுகாத பொருளாக மாற்றுவதற்குப் பெயர்தான் பதனிடுவது. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரைக் கழிப்பார்கள். ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் சீவுவார்கள். திரும்பத் திரும்ப அலசுவார்கள். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக் கணக்கில் ஊறப் போடுவார்கள். கடுக்காய்ச் சாறும் கொடுப்பார்கள். இளமஞ்சள் நிறத்தில் மிருதுவான தோல் வெளியே வரும். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று லண்டன் சந்தையில் இதற்குத் தனிப் பெயர் இருந்தது.

இந்த வியாபாரத்துக்கு ரயிலும் கைகொடுத்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் ஓடியது. துறைமுகத்துக்கும் பாலாற்றுக் கரைக்கும் இரும்புப் பாதை விழுந்துவிட்டது. பச்சைத் தோல் ரயிலேறி வந்தது. பதனிட்ட தோல் ரயிலேறிக் கப்பலுக்குப் போனது. 1914 முதல் 1918 வரை நடந்த உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனதில் பெரும் பங்கு நம் நாட்டு ஆவாரந்தோல்தான்.

தோலுக்கும் சிப்பாய்க்கும் இந்த ஊரில் வேறொரு பழங்கணக்கும் உண்டு. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் வைக்கச் சொன்னது.

தோலில் சம்பாதித்த முஸ்லிம் வர்த்தகர்கள் அந்தப் பணத்தைப் பெட்டியில் மட்டும் பூட்டி வைக்கவில்லை. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியக் கல்லூரி எழுந்தது. பள்ளிக்கூடங்கள், மதரஸாக்கள், ஆஸ்பத்திரிகள் என்று தர்மம் வளர்ந்தது. குழியில் இறங்கித் தோலை மிதித்து அலசியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்து ஏழைகள். சுண்ணாம்பில் வெந்த விரல்களோடு அவர்கள் வீடு திரும்பினார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தத் தொழிலின் சரித்திரம் முழுமை பெறும்.

நீலத் தோல் வந்தது

ஆவாரம்பட்டையில் வாரக் கணக்கில் ஆகிற வேலையைக் குரோமிய உப்பு ஒரே நாளில் முடித்துவிடும். மரத்தாலான பெரிய உருளைக்குள் தோலையும் மருந்தையும் போட்டுச் சுழற்றினால் தோல் நீலமாக வெளியே வருகிறது. இம்முறையைச் சென்னையில் 1903-ஆம் வருஷத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் பரிசோதித்துக் காட்டினார். 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. ஆனாலும் பாலாற்றுக் கரையில் நெடுங்காலம் பட்டைதான் ராஜ்யம் செய்தது.

மாறுதல் 1970-களில் வந்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதில் நமக்கு என்ன லாபம், முழுக்கப் பதனிட்டுப் பூட்ஸாகத் தைத்தே அனுப்பினால் வேலையும் பெருகும், அன்னியச் செலாவணியும் பெருகும் அல்லவா என்று சர்க்கார் யோசித்தது. சீதாராமன் குழுவின் சிபாரிசை ஒட்டிக் கட்டுப்பாடுகள் வந்தன. யோசனை நல்ல யோசனைதான். வேலையும் பெருகியது, பணமும் பெருகியது. கூடவே குரோமியமும் பெருகியது.

ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே பதிவாயிற்று. தோல் குடிப்பது கொஞ்சம். திரும்பக் கொட்டுவது அதிகம். உப்பு, சுண்ணாம்பு, கந்தகச் சேர்மானங்கள், தோல் உறிஞ்சாமல் மிஞ்சிய குரோமியம் எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கின. தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. வாய்க்கால் ஆற்றில் இறங்கியது. ஆறோ மணலுக்குள் ஓடுகிற ஆறு. ஊற்று நீர் போன வழியிலேயே கழிவு நீரும் போயிற்று.

காலை நேரத்து ஆம்பூர்

பொழுது புலர்ந்ததும் ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும். அது ஒரு கண்கொள்ளாக் காட்சி. கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தலையில் ஒரு முழம் பூ, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. கூட்டம் கூட்டமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வாயிலுக்குள் நுழைகிறார்கள்.

உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருத்தி தோலை வெட்டுகிறாள், இன்னொருத்தி ஓரத்தைச் சீவுகிறாள், மற்றொருத்தி மெஷினில் தைக்கிறாள். அதன்பின் மேல்தோலைக் கால் அச்சில் ஏற்றி இழுத்து, அடித்தோல் ஒட்டிப் பாலிஷ் போட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைக் கண்ணாடிக்குள் மின்னுகிற ஜோடி இப்படித்தான் பிறக்கிறது.

சம்பளம் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் தன் பெயரில் ஒரு தொகை வருகிறது என்பதே ஒரு தைரியம். முன்பெல்லாம் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கூலி வேலை என்றால் வயல் வேலை. இல்லாவிட்டால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவது. பீடி சுற்றுகிற குடும்பங்கள் குடியாத்தம், வேலூர்ப் பக்கம் இப்போதும் உண்டு. ஆனால் மகள்கள் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

அவர்கள் வாழ்வு எவ்வளவு தூரத்துக் கயிற்றில் தொங்குகிறது என்பது 2025-இல் தெரிந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி போட்டது. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஆம்பூரில் அடுப்பங்கரையில் கவலை புகுந்துவிடுகிறது.

சீரகச் சம்பாவும் முள் கத்தரிக்காயும்

பசி வேளை வந்துவிட்டது. ஆம்பூருக்கு வந்து பிரியாணி சாப்பிடாமல் போனால் யார் நம்புவார்கள்?

ஆர்க்காட்டு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து இறங்கி வந்த பக்குவம் இது என்பது ஊர்ப் பேச்சு. நவாபுகளுக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டுதான். நவாப் அன்வருத்தீன் 1749-இல் யுத்தத்தில் மாண்டது ஆம்பூரில். சரித்திரம் இருக்கட்டும், சட்டியைப் பார்ப்போம்.

இங்கே நீண்ட பாசுமதி அரிசிக்கு இடமில்லை. சின்னஞ்சிறு சீரகச் சம்பாதான். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் காரத்துக்கும் நிறத்துக்கும். கறியை வெங்காயம், தக்காளி, தயிர், இஞ்சி பூண்டோடு வேகவைத்து, தனியே முக்கால் பதம் வெந்து வடித்த சோற்றை அதன் மேல் கொட்டி, மூடியின் மேல் தணல் போட்டுத் தம்மில் விடுகிறார்கள். மசாலா அதிகமில்லை, நெய்யும் வழியாது. அதனால்தான் ஒரு தட்டோடு கை நிற்பதில்லை.

பக்கத்தில் வெங்காயத் தயிர்ப் பச்சடி, புளி சேர்த்த கத்தரிக்காய்க் குழம்பு. கத்தரிக்காய் என்றால் வேலூர்ச் சீமைக் கத்தரிக்காய்தான். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் காம்பெல்லாம் முள்ளாக விளைகிற காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையில் குத்தும், நாக்கில் கரையும். இனிப்பு வேண்டுமென்றால் ஆர்க்காட்டு மக்கன் பேடா இருக்கிறது; உள்ளே பருப்பும் பழமும், வெளியே சர்க்கரைப் பாகும்.

ஆனால் இந்தச் சீமையின் அன்றாட உணவு பிரியாணி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிராமத்தில் கேழ்வரகுக் களிதான். கூடக் கீரை, அல்லது கருவாட்டுக் குழம்பு. ஜவ்வாது மலையில் சாமைச் சோறு, தேன், புளி. ஏலகிரியில் பலாப்பழம். ரம்ஜான் மாதம் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கு ஜாதி மதம் பாராமல் தூக்கு நீள்கிறது.

சோற்றிலும் சண்டை உண்டு. 2022 மே மாதம் ஜில்லா நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் ஆட்சேபம் கிளம்பியது. விழா ஒத்திவைக்கப்பட்டது. மாட்டின் தோலால் வாழ்கிற ஊரில் மாட்டின் இறைச்சிக்கு மட்டும் பந்தியில் இடமில்லையா என்று கேட்டவர்களின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கேட்டேன். பாட்டில் வந்தது. பாலாற்றங்கரை ஊர்களின் தாகத்துக்கு இப்போது மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. வீட்டுக் கிணறு இருந்தும் பக்கத்து வீட்டில் குடம் நீட்டுகிறவர் கதைதான்.

கிணறு கெட்ட கதை

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே ஒரு கிராமத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயியைச் சந்தித்தேன். என்னைத் தம் கிணற்றங்கரைக்கு அழைத்துப் போனார். கிணற்றில் தண்ணீர் இருந்தது.

"தண்ணி கீதே ஐயா!" என்றேன், அவர் பேச்சையே பிடித்துக்கொண்டு.

"கீது சார். வாயிலே வெச்சுப் பாருங்க."

ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடலுக்கு நூறு மைலுக்கு இப்பால் நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

"எங்க அப்பா காலத்துலே இதுலே நெல்லு, கரும்பு. அப்புறம் தென்னை. இப்போ தென்னையும் ஏத்துக்க மாட்டேங்குது."

"உங்கள் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள்?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "மருமவ. ஷூ கம்பெனியிலே தையல். கிணறு கெட்டது தோலாலே சார். அடுப்பு எரியறதும் தோலாலேதான். யாரைத் திட்டறது?"

இந்தச் சீமையின் சிக்கல் முழுவதையும் அவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை.

நியாயஸ்தலம் சொன்னது

இவரைப் போன்றவர்களுக்காக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற கணக்கு கோர்ட்டின் முன் வந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பளித்தது. தோல் தொழில் அன்னியச் செலாவணி கொண்டுவருவது உண்மைதான். அதற்காக நீரையும் நிலத்தையும் ஜனங்களின் ஆரோக்கியத்தையும் கெடுக்கும் உரிமை அதற்கு இல்லை என்று அது கூறியது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு தத்துவங்களும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாயின. இன்று இந்தியாவில் எந்த நதிக்காக வழக்கு நடந்தாலும் வேலூரின் பெயர் எழுகிறது.

சேதத்தைக் கணக்கிட ஏற்பட்ட ஆணையம் 2001-இல் தன் முடிவைச் சொன்னது. வேலூர் ஜில்லாவில் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய். கொடுக்க வேண்டியவை 547 தொழிற்சாலைகள். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணற்றின் விலை அதுதானா?

நல்லதும் நடந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று விதி வந்தது. கழிவு நீரை வடிகட்டி, கொதிக்க வைத்து, தண்ணீரைத் திரும்ப உபயோகிக்கிறார்கள். கடைசியில் எஞ்சுகிற உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்பதுதான் தீராத தலைவலி. 2015 ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலையில் ராணிப்பேட்டையில் சேற்றுத் தொட்டி ஒன்றின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அதே ராணிப்பேட்டையில், மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை ஒன்று விட்டுச் சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல்.

வழக்கும் ஓயவில்லை. 2025 ஜனவரி 30-இல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பேசியது. ஈட்டுத் தொகை கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் சர்க்கார் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைக் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒருமுறை பணம் கொடுத்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்பது இல்லை, கேடு நீங்கும் வரை பொறுப்பும் நீங்காது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆறு வந்த நாள்

1903-ஆம் வருஷம் நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன் பிறகு அந்த மாதிரி வெள்ளத்தைக் கிழவர்கள் கதையாகத்தான் சொல்லி வந்தார்கள்.

2021 நவம்பரில் கதை நிஜமாயிற்று. இரு கரையும் புரள ஆறு வந்தது. சேதமும் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஜனங்கள் பாலங்களின் மேல் திரண்டு நின்றார்கள். பேரன் பேத்திகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "பாரு, இதுதான் நம்ம ஆறு" என்று காட்டினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பல கிணறுகளில் தண்ணீர் மேலே வந்தது. நதி சாகவில்லை, வழியைத்தான் மறந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தக் கிழவரை விட்டுப் புறப்படும்போது, 2021-இல் உங்கள் கிணறு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் உப்பு கொறைஞ்சுது சார். மருமவ ஒரு சொம்பு மொண்டு குடிச்சுப் பார்த்தா. நல்லாத்தான் கீது மாமான்னா."

தோல் கம்பெனியும் வேண்டும், கிணறும் வேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்குச் செலவு ஆகும். அந்தச் செலவை இத்தனை காலம் கிணற்றுக்காரரே கொடுத்துவிட்டார். இனி அது பூட்ஸின் விலையில் சேரட்டும். அதைப் போட்டுக்கொள்கிற காலும் கொஞ்சம் கொடுக்கட்டும்.

அப்போது பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது, ஆறு எங்கே என்று எந்தப் பேரனும் கேட்க மாட்டான்.